கீழ வயல் முறை

யுத்த காலம். அப்பாவை மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். வார்டில் இருபத்திரண்டு கட்டில்; அவருடையது வாசலிலிருந்து ஆறாவது. புத்தி தடுமாறிப்போயிருந்தது. அதைவிட, அவர் சாப்பிடாததுதான் என் கவலை. மூன்று நாளில் இரண்டு டம்ளர் கஞ்சி. இப்படியே போனால் ஒரு வாரம் தாங்காது என்றார் டாக்டர்.

கட்டிலில் உட்கார்ந்து, இல்லாத மண்வெட்டியின் பிடியை இரண்டு கையாலும் பற்றியிருப்பார். சமயநல்லூர்ப் பக்கம் எங்கள் வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீர் முறை வைத்து வரும். நம் முறை ஓடும்போது மடையை விட்டு நகரக் கூடாது. அடுத்த வயல்காரர் வந்து நின்ற பிறகுதான் சாப்பாடு. அப்பா அந்த மடையிலேயே இருந்தார்.

"வயலை வித்து நாலு வருஷமாச்சுப்பா" என்று ஒன்பது தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் பிடி இறுகியதுதான் மிச்சம்.

நர்ஸ் படிக்கும் பெண்கள் நான்கு பேர் அந்த வார்டுக்குப் பயிற்சிக்கு வந்தார்கள். நோயாளிக்கு இடமும் கிழமையும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்குப் பாடம். மூன்று பேர் அப்படியே செய்தார்கள்.

"தாத்தா, இது ஆஸ்பத்திரி. இன்னைக்குச் செவ்வாக்கெழம."

"செவ்வாக்கெழமன்னா தண்ணி நின்னுருமாக்கும்?" என்றார் அப்பா.

நான்காவது பெண் ஆனையூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். கஞ்சியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலருகே வந்து நின்றாள்.

"கீழ வயலு முறை வந்திருச்சு பெரியப்பா. எங்கப்பா அனுப்புனாக. மண்வெட்டியக் குடுங்க."

அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வாரதுக்கு இம்புட்டு நேரமா?" என்று கடிந்துகொண்டு கைகளை நீட்டினார். அவள் வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தாள். பதினான்கு கரண்டி கஞ்சி இறங்கியது. மறுநாள் மற்ற மூவரும் அதையே சொல்லப் பழகினார்கள்.

எட்டாம் நாள் நால்வரையும் வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். நான் போய் நின்றேன்.

"அப்பா, நான் பாத்துக்கிறேன். குடுங்க."

"நீ எந்த வயலு?"

"நம்ம வயலுதாம்ப்பா. நான் ஒங்க மகன்."

"நம்ம முறைக்குத்தான் நான் நிக்கிறேனே. நீ போயிக் கீழ வயக்காரனக் கூட்டிட்டு வா."

வராந்தாவுக்கு வந்தேன். தூண்கள் பன்னிரண்டு. மறுபடி எண்ணினேன், பன்னிரண்டுதான். உள்ளே போனேன்.

"கீழ வயக்காரர் மகன் வந்திருக்கேன் பெரியப்பா."

கொடுத்தார். பதினொரு கரண்டி சாப்பிட்டார். நடுவில், "ஒங்கப்பன் சாப்பிட்டானா?" என்று கேட்டார்.

"சாப்பிட்டுக்கிட்டிருக்காக" என்றேன்.