ஐம்பதில் ஒரு கோடு

ஆவணக் காப்பகத்தில் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரை யாரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் அவர் 'அம்பது'. பழைய கடிதங்களும் பதிவேடுகளும் இருக்கும் அறைகளில் ஈரப்பதம் ஐம்பது சதவீதத்தை விட்டு அசையக் கூடாது. அசையாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. ஐம்பத்திரண்டு ஆனாலே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தவர்போல் மனிதர் அலைவார். வீட்டிலும் அதே கதைதான். குளித்துவிட்டு வரும் மனைவி, தலையைத் துவட்டாமல் புத்தக அலமாரிப் பக்கம் போய்விட முடியாது. "என்னைக் கட்டினதுக்கு ஒரு பஞ்சைக் கட்டியிருக்கலாம்" என்பாள் அந்த அம்மாள்.

அறைக்கு ஒரு பதிவுக்கருவி உண்டு. அதற்குள் இழுத்துக் கட்டியிருப்பது மனிதத் தலைமுடி. காற்றில் ஈரம் ஏறினால் முடி நீளும், குறைந்தால் சுருங்கும். அந்த அசைவை ஒரு பேனாமுனை, மெல்லச் சுழலும் உருளையில் சுற்றிய தாளில் ஊதா மையால் கோடாக இழுக்கும். வாரம் ஒரு தாள். எந்த நாட்டுக்காரியின் முடியோ, அவள் உயிரோடு இருக்கிறாளோ இல்லையோ, அது பொய் மட்டும் சொல்லாது. பொய் சொன்னது அம்பதுதான்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை வந்தது. மூன்றாம் அறையில் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரத்தின் அடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அது நிறைந்தால் இயந்திரம் தானாக நின்றுவிடும். விடுமுறையானாலும் தினம் ஒருவர் வந்து கொட்ட வேண்டும். அந்த முறை அவருடையது. கொழுந்தியாள் புதுவீடு கட்டியிருந்தாள். போகாவிட்டால் வீட்டில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். வெயில் காலம்தானே, தொட்டி தாங்கும் என்று கிளம்பிவிட்டார். போன அன்றே மழை பிடித்துக்கொண்டது.

நாலாம் நாள் கதவைத் திறந்தபோது பேனாமுனை எண்பத்துநான்கில் நின்றது. அறுபத்தைந்தைத் தாண்டினாலே பராமரிப்பு அதிகாரியை அழைத்து, அந்த அறையின் பெட்டி அத்தனையையும் அன்றே திறந்து உலர்த்த வேண்டும் என்பது விதி. செய்திருந்தால் எல்லாம் பிழைத்திருக்கும். ஆனால் அம்பதுக்கு எல்லாவற்றையும்விடப் பெயர் பெரிது. தொட்டியைக் கொட்டினார், இயந்திரத்தை ஓட விட்டார், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார். புதுத் தாளில் ஊதா மையைத் தொட்டு ஐம்பதில் ஒரு கோடு இழுத்தார். அதிகாரி அதை ஏறிட்டும் பார்க்காமல் கையெழுத்திட்டார். ஒழுங்கானவர் என்று ஒருமுறை பெயரெடுத்துவிட்டால் இந்த வசதி உண்டு. அறை உலர்ந்தது, மூடிய பெட்டிகளுக்குள் புகுந்த ஈரம் உள்ளேயே தங்கிவிட்டது.

ஏழு மாதம் கழித்து ஒரு பெண் வந்தாள். கப்பல் வேலைக்குப் போய்த் திரும்பாத அப்பாவின் கடிதங்களை, பத்திரமாக இருக்கட்டும் என்று காப்பகத்துக்குக் கொடுத்தவள். மூன்றாம் அறையில் இருந்த அவள் பெட்டியைத் திறந்தால் கடிதங்கள் பூஞ்சை பூத்து ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தன. அதிகாரி கோடு போட்ட தாள்களை எடுத்துக் காட்டினார்: இங்கே ஈரமே ஏறவில்லை, கொடுக்கும்போதே உங்கள் வீட்டு ஈரம் உள்ளே இருந்திருக்க வேண்டும். அவள் கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்தாள். "பாத்ரூமுக்குப் பக்கத்து ரூம்லதான் வச்சிருந்தேன். என்னாலதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்பது பக்கத்தில்தான் நின்றிருந்தார். அந்தத் தாள்களை வாங்கித் திரும்ப அடுக்கி வைத்தார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்கு அது கண்ணிலேயே குடியேறியது. பட்டப்பகலில் வெள்ளைச் சுவரைப் பார்த்தால், ஊதாக் கோடு ஒன்று எண்பத்துநான்கை நோக்கி ஏறும். மூன்றாம் அறைக்குள் போனால், கருவிக்குள்ளிருந்து ஒருத்தி பார்ப்பதுபோல் பிடரி சிலிர்க்கும். உலர்ந்த துணியை மோந்து மோந்து பார்ப்பார். பூஞ்சை வாடை அடிக்கும், அவருக்கு மட்டும். அந்தப் பெண்ணோ வருடம் தவறாமல் வந்து, ஒரு தாளாவது பிரிந்ததா என்று கேட்பாள். அவள் குரல் கேட்டாலே இவர் மாடிப்படி ஏறிவிடுவார்.

இந்த வருடம் அவள் வந்தபோது முன்னறையில் இவரைத் தவிர ஆளில்லை. அவள் கையில் இன்னொரு பெட்டி. அம்மா அப்பாவுக்கு எழுதி, பெறுபவர் இல்லையென்று திரும்பி வந்த கடிதங்களாம்.

"இதையும் நான் கெடுத்துடக் கூடாது சார். இங்கயே இருக்கட்டும்" என்று மேசைமேல் வைத்தாள்.

அம்பதுக்கு அந்தப் பெட்டியைத் தொடக் கை வரவில்லை. தொட்டி, மழை, எண்பத்துநான்கு, தன் கையால் இழுத்த கோடு, ஒன்று விடாமல் சொன்னார். "உங்க வீட்டு ஈரம் இல்லம்மா. நான்தான்."

திட்டுவாள், மேலதிகாரியைக் கூப்பிடுவாள் என்று காத்து நின்றார். அடித்தால்கூட நன்றாயிருக்கும் என்றிருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பா என்று இருந்ததே அந்தக் கடிதங்கள்தான், அதையும் அழித்துவிட்டாய் என்று சொன்ன அண்ணன், அன்றிலிருந்து தன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்றாள்.

இப்போதே வருகிறேன், அவர் காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்கிறேன் என்றார் அம்பது.

அவள் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணன் இறந்து ஆறு வாரம் ஆகுது சார். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். என்னை உள்ள விட வேண்டாம்னு சொல்லிட்டாரு."