கீழே செல்லாத கார்டு

எங்கள் ஊர்ப்பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போனால் முதல் கேள்வி, "என்ன செய்யுது?" இங்கே கேரளத்தில், "கார்டு உண்டோ?" சாந்தன்பாறையில் இத்தனை வருடம் ஜீப் ஓட்டியும் அந்தக் கேள்வி எனக்குப் பழகவில்லை. முதல்முறை கேட்டபோது ஆதார், ரேஷன், ஓட்டு, லைசென்ஸ் என்று பையில் இருந்ததையெல்லாம் சீட்டாட்டக்காரன் மாதிரி விரித்தேன். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சேட்டா, இன்ஷூரன்ஸ் கார்டு" என்றாள். அது வீட்டில், அரிசி டின்னுக்குள் பத்திரமாக இருந்தது.

அம்மாவுக்கு அந்த அட்டை கிடைத்த நாளிலிருந்து எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் நான்தான் காப்பீட்டு நிபுணன். டூரிஸ்டுகளுக்கு இல்லாத யானையைக் காட்டிப் பழகிய வாய் சும்மா இருக்குமா? "வயசானவங்க, நடக்க முடியாதவங்களுக்கு கவருமெண்டே கட்டிரும். எந்த ஆஸ்பத்திரி, எந்த ஊருன்னு கெடையாது. நீட்டுனாப் போதும்" என்று அடித்துவிட்டேன். பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா மட்டும், "நீ சொன்ன யானையவே நாங்க இன்னும் பாக்கலப்பா" என்றாள்.

அம்மாவுக்கு இடது இடுப்பு மூட்டு தேய்ந்துபோயிருந்தது. ஏலச்செடிக்கு அடியில் குத்தவைத்தே காய் எடுத்த இடுப்பு. கக்கூஸ் வரை போகவும் என் தோள் வேண்டும். மகன் தோளில் தொங்கும் அந்தக் கூச்சத்துக்கு இடுப்புவலியே தேவலை என்பாள். ஆபரேஷன் செய்தால் நடக்கலாம், விட்டால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மலையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காய்ச்சலுக்கு எஸ்டேட் மாத்திரை. பெரிய நோவு என்றால் ஆளைக் கீழே இறக்கிவிட வேண்டும். கீழே என்றால் போடி, தேனி. பிரசவம், பாம்புக்கடி, நெஞ்சுவலி எல்லாம் போடிமெட்டு வளைவுகளில் இறங்கித்தான் பிழைத்திருக்கின்றன. நானும் யோசிக்காமல் அம்மாவை ஜீப்பில் படுக்கவைத்து இறக்கினேன்.

கீழே ஆஸ்பத்திரிக் கவுண்டரில் ராஜா மாதிரி அட்டையை நீட்டினேன். நரைத்த மீசைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கேரளாக் கார்டுண்ணே. இங்க ஓடாது. நம்ம ஸ்டேட்டுக் கார்டு இருக்கா?"

"நாங்க இந்த ஊருதாங்க. எங்க தாத்தா வீடு போடியிலதான் இருந்துச்சு."

"தாத்தாவுக்கா ஆபரேஷன்?"

ரேஷன் அட்டையை மலைக்கு மாற்றியபோதே இந்தப் பக்கத்து உரிமையை நானே வரிசையில் நின்று ஒப்படைத்திருந்தேன்.  திரும்பி ஏறும்போது நாலாவது வளைவில் அம்மா, "சொந்த ஊருலயே விருந்தாளி ஆயிட்டோமாடா?" என்றாள்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரள அரசு ஆஸ்பத்திரிக்கு நான் மட்டும் முதலில் போனேன். இந்த முறை வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்தேன். கவுண்டர் பெண் விரல்விட்டுச் சொன்னாள்: "ஓ.பி. மருந்தினு கார்டு பற்றில்லா. அட்மிட் ஆவணம். ஆபரேஷனு மும்பு அப்ரூவல் வாங்ஙணம்." வெளியே வாங்கும் மாத்திரைக்கு இல்லை, படுக்கையில் சேர வேண்டும், கத்தி வைப்பதற்கு முன்பே அனுமதி வர வேண்டும். இடுப்பு மாற்று ஆபரேஷன் அதில் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றாள். எனக்குப் புல்லரித்தது. வரும் வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தேன், எதிரே ஒரு வண்டிகூட இல்லை.

அம்மா மாட்டேன் என்றாள். "எனக்கு மலையாளத்துல பேரம் பேச வரும், திட்ட வரும். நோவச் சொல்ல வராதுடா."

"படம் புடிச்சுப் பாப்பாங்கம்மா. எலும்பு என்ன பாஷையா பேசப்போகுது?"

"எலும்பு பேசாது. நான்ல பேசணும்."

செல்வி அக்கா மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். "பெரியம்மா, நீ மூஞ்சியச் சுளி, மிச்சத்த நான் சொல்றேன்" என்று கூடவே கிளம்பினாள். அவளுக்கு வேலையே இருக்கவில்லை. டாக்டர் மூட்டை லேசாக அழுத்தியதுதான் தாமதம், அம்மா ஏலக்காய் வியாபாரிகளுக்கென்று சேர்த்துவைத்திருந்த வசவை எல்லாம் சுத்த மலையாளத்தில் இறக்கினாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தேன். டாக்டர் சிரித்துக்கொண்டே சிஸ்டரிடம் சொன்னார், "நோவு எவிடெயாணெந்நு மனசிலாயி." நோவு எங்கே என்று புரிந்துவிட்டதாம்.

அனுமதி வந்தது. புது மூட்டும் வந்தது.

எங்கள் லயத்துக்குப் பின்னால் மேட்டில் நின்றால் கீழே போடிச் சமவெளி தெரியும். இப்போது சாயங்காலம் ஆனால் அம்மா வாக்கரைத் தட்டித் தட்டி அங்கே போய்விடுகிறாள். நான் தோளைக் கொண்டுபோனால் முறைக்கிறாள். நேற்று விளிம்பு வரை போனவளிடம், "எங்கம்மா, ஊருக்கா?" என்றேன். அவள் வாக்கரைத் தூக்கி முன்னால் வைத்தாள். ஆபரேஷன் செய்த காலைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்று சிஸ்டர் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கேரளா கொடுத்த கால் போடியைப் பார்த்து முன்னால் போனது. போடியில் பிறந்த கால் யோசித்து யோசித்துப் பின்னால் வந்தது.