முகப்பில் ஒரு கழுதை

மற்றவர்களின் முறைப்பாடுகளை ரைப் அடித்துக் கொடுத்துப் பிழைக்கிறவன் காலையில் முதலில் முழிப்பது வாடிக்கையாளர் முகத்தில் அல்ல, கணினித் திரையில்தான். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, அவன் அனுப்பிய லப்ரொப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் என் சக பாவிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சண்டை ஓய்ந்து, சனம் ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம். மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு பிரிண்டர், பின்னேரம் வீட்டுக்குத் தூக்கிப் போகிற லப்ரொப் என்று கடை போட்டேன். என் மனுசி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகன் அன்ரன் நோர்வேயில் கொம்பியூட்டருக்கு நிரல் எழுதுகிறான். ஞாயிறு பின்னேரப் பூசை முடிந்து நான் வீட்டுக்கு வரும் நேரம் பார்த்துப் போன் எடுப்பான். "சாப்பிட்டீங்களோ? குளிசை போட்டீங்களோ? சரியப்பா, வைக்கிறன்." அவ்வளவுதான். என் கதை கேட்க மன்னார்ப் பாலம் வரைக்கும் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள் (கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன்). ஆனால் எவனுக்குச் சொல்ல ஆசையோ அவனுக்கு மட்டும் நேரமில்லை.

மாடு வேண்டாம்

களவாக இறக்கிய செயலி எதையும் அன்ரன் போட விடமாட்டான். தான் நிரல் எழுதப் பாவிக்கிற இலவச எடிட்டரையே எனக்கும் ரைப் அடிக்கப் போட்டுத் தந்தான். கறுப்புத் திரை, எழுத்தைத் தவிர வேறு ஒரு சோடனையும் இல்லை. திறந்தவுடன் புள்ளியாலும் கோட்டாலும் அடைப்புக்குறியாலும் கீறிய ஒரு மாடு நின்றுகொண்டு இங்கிலீசில் ஏதோ புத்தி சொல்லும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மன்னாரில என்ன மாடு? றோட்டு முழுக்கக் கழுதையல்லோ நிக்குது" என்று அடுத்த ஞாயிறு சண்டை பிடித்தேன். அவன் அங்கேயிருந்தே என் திரைக்குள் புகுந்து, மாட்டின் கொம்பைக் கழற்றிவிட்டுக் காது வைக்கத் தொடங்கினான். "இன்னும் நீளமடா." "இது காணுமோ?" "இப்ப முயல் மாதிரிக் கிடக்கு." நான் ஊற்றி வைத்த பால்தேத்தண்ணியில் ஆடை படிந்துவிட்டது, அவன் இன்னும் போனை வைக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு விசயம் விளங்கியது. சுகம் விசாரிக்கத்தான் அவனுக்கு நேரமில்லை, பழுது பார்க்க எவ்வளவும் இருக்கிறது.

கழுதை அச்சுப் பிசகாமல் அமைந்துவிட்டது. பஸ் நிலையத்துக் கிழட்டுக் கழுதையொன்று தினமும் காலையில் வாசலால் தலையை நீட்டும். திரையைப் பார்த்து ஒருதரம் காதை ஆட்டி மரியாதை செய்துவிட்டுத்தான் மற்ற வேலைக்குப் போகும். நம்பாதவர்கள் கழுதையிடமே கேட்டுக்கொள்ளலாம். மீன் சந்தைப் பிலோமினா மட்டும் அதை நம்பவுமில்லை, படத்தை மெச்சவுமில்லை. "வெளியில நிக்கிறது காணாதெண்டு உள்ளுக்கையும் ஒண்டைக் கட்டி வச்சிருக்கிறியளே ஐயா, இதுக்கு ஆர் புல்லுப் போடுறது?"

ஏழாம் இடத்துக்காரர்

என்னிடம் வருகிற சனத்துக்கு வேலை ஒரு தாளோடு முடியாது. வீட்டுத்திட்ட விண்ணப்பம், காணி முறைப்பாடு, பிறப்புப் பதிவுக்கு ஒரு மனு என்று எல்லாம் பாதியில் நிற்கும். ஏதோ ஒரு இலக்கம் வீட்டில் மறந்திருக்கும், அல்லது இடம்பெயர்ந்தபோது எங்கேயோ போயிருக்கும். இதற்குத்தான் அன்ரன் 'செஷன்' என்று ஒன்றைக் காட்டித் தந்தான். ஆளின் பெயரில் சேமித்து வைத்தால், கழுதையின் காலடியில் அந்தப் பெயர் வந்து நிற்கும். அடுத்த முறை பெயருக்குப் பக்கத்து இலக்கத்தைத் தட்ட, அவருடைய தாள்கள் முழுவதும் விட்டது விட்டபடி விரியும். மினுங்குகிற கோடுகூட விட்ட எழுத்தில்தான் நிற்கும். கடைசியாகத் திறந்த பெயர் மேலே, கனநாள் வராதவர் கீழே.

இந்த மேலே கீழேதான் வினையாகிப் போனது. சலீம் நானா முசலிப் பக்கத்து ஆள். சண்டைக்காலத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் பிள்ளைகளை வளர்த்துப் பேரப்பிள்ளையும் கண்டபிறகு திரும்பி வந்து, தகரக் கொட்டிலில் இருந்தார். ஒருநாள் திரையை எட்டிப் பார்த்தவர் தன் பெயர் ஏழாவதாகக் கிடப்பதைக் கண்டுவிட்டார். நிவாரணத் தகரமோ அரிசியோ, எதையும் சுவரில் ஒட்டிய பெயர்ப்பட்டியலில் மேலேயிருந்து வரிசையாக வாங்கிப் பழகிய சனமல்லவா! வீடு கிடைக்கிற வரிசை இதுதான் என்று தீர்மானித்துவிட்டார். மறுநாள் ஒரு பாரைமீனோடு வந்து நின்றார். "என்னைக் கொஞ்சம் மேல ஏத்துங்கோ ஐயா."

"இது வீட்டு வரிசை இல்லை நானா. திறந்தா மேல வரும், அவ்வளவுதான்."

"அப்ப திறங்கோவன்."

திறந்தேன், முதலாம் இடத்துக்கு வந்தார். அதற்கு அடுத்த நாள் பக்கத்துத் தாராபுரத்திலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருவரும் ஒரு எழுத்தும் எழுதவில்லை. தங்கள் தங்கள் பெயரைத் திறப்பித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். தொண்டை வற்ற விளக்கியும் பார்த்தேன், பலனில்லை. உண்மையைச் சொன்னால் நான் அவ்வளவு பலமாக விளக்கவுமில்லை. கடை நிறைய ஆள் இருந்தால் யாருக்குத்தான் கசக்கும்? சலீம் நானாவை மட்டும் இருத்தி வைத்து உண்மையை விளங்கப்படுத்தினேன். அவர் எழும்பிச் சாரத்தை இறுக்கிக்கொண்டு சொன்னார்: "வீடு வாறபோது வரட்டும் ஐயா. என்ட பேர் ஒரு இடத்தில இருக்குதெண்டு நினைக்கவே நல்லாயிருக்கு. அழிச்சிப்போடாதீங்கோ."

பாதியில் நின்ற வசனம்

பட்டியலின் அடியில் முருகையா என்றொரு பெயர். மலையகத்திலிருந்து பெயர்ந்து வந்து, மன்னார்த் தீவுக்கு அப்பால் பெருநிலத்தில் குடியமர்ந்த கூலிக்காரர். தங்கள் குடியிருப்புக்குக் கிணறு கேட்டு மனு எழுத வந்தார். 'ஆகவே' என்ற சொல்லுக்கு வந்தபோது பஸ் வெளிக்கிட்டுவிட்டது. கிழவர் ஓடிப்போய் ஏறினார், பிறகு ஆளைக் காணவில்லை. ஆட்கள் வராத மழை நாட்களில் நான் அந்தப் பெயரைத் திறந்து பார்ப்பேன், ஒருநாள் மேலே ஏறி, சனம் வர மறுபடி அடிக்குப் போய்விடும். 'ஆகவே'க்குப் பக்கத்தில் அந்தக் கோடு மினுங்கிக்கொண்டு நிற்கும். வீட்டிலும் இப்படித்தான் சில வசனங்கள் நின்றுபோயின. மனுசி கடைசியாக "அந்த அலுமாரிக்குள்ள..." என்று தொடங்கினாள். அலுமாரியைப் பலமுறை கொட்டிப் பார்த்துவிட்டேன்.

முருகையாவை அழித்துவிடலாம் என்று அன்ரன் சொன்னான், நான் கேட்கவில்லை. அடுத்த மாரி கழிந்து ஒருநாள் வாசலில் முருகையாவின் நிழல் தட்டியது. வேறு ஊரில் வேலைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டாராம். நான் அவர் பெயரைத் தட்டி, "ஆகவே" என்று மட்டும் வாசித்தேன். மனுசன் கதிரையிலும் இருக்கவில்லை, மூச்சும் வாங்கவில்லை. "ஆகவே எங்களுக்கு ஒரு கெணறு வேணுமுங்க."

கமா தின்ற காகம்

இப்போது பெரிய விசயத்துக்கு வருகிறேன். கழுதையையும் பெயர்களையும் ஒழுங்குபடுத்தி வைத்திருப்பது ஒரு அமைப்புக் கோப்பு. அதில் ஒரு கமாவை அழித்தால் கழுதை மறைந்துவிடும், ஒரு அடைப்புக்குறியை அழித்தால் திரை முழுக்கச் சிவப்பாகக் கத்தும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் போகமுன் ஒரு கமாவை அழித்துவிட்டுப் போவேன். போன் வரும்போது பழுதாகிவிட்டதென்று சோகமாகச் சொல்வேன். ஒரு கிழமை பழி கடற்காற்றின் உப்புக்கு, ஒரு கிழமை எலிக்கு. ஒருமுறை காகமொன்று யன்னலால் வந்து தட்டச்சுப் பலகையில் இருந்து கொத்தியது என்றேன். அன்ரன் பொறுமையாகத் திருத்துவான். திருத்துகிற சாக்கில் அங்கே விழும் பனியைப் பற்றிச் சொல்வான், நான் கிழட்டுக் கழுதையைப் பற்றிச் சொல்வேன்.

ஒரு கிழமை அவன் அவசரத்தில் இருந்தான், கமாவைக் கண்மூடித் திறக்குமுன் போட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டான். எனக்கு ரோசம் வந்துவிட்டது. பெரிதாக உடைக்க வேண்டுமென்று மறுநாள் மத்தியானம் கழுதையின் கோப்புறை என்று நினைத்து ஒன்றைத் தூக்கி எறிந்தேன். எடிட்டரை மூடித் திறந்தால், கழுதை சுகமாக நிற்கிறது. காலடியில் ஒரு பெயர்கூட இல்லை. தாள்களெல்லாம் வேறிடத்தில் பத்திரமாகத்தான் இருந்தன. ஆனால் யார் எங்கே விட்டார், எந்தச் சொல்லில் நின்றார் என்பதெல்லாம் போய்விட்டது. அந்த நேரம் பார்த்துச் சலீம் நானா உள்ளே வந்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்ட பேரெங்க ஐயா?" வாயில் எப்போதும் ஒரு பொய் தயாராக நிற்கும். அன்றைக்கு அதற்குப் பதிலாகப் போனை எடுத்தேன்.

வேலைநாளில் அன்ரனுக்கு நான் எடுத்ததே இல்லை. முதல் மணியிலேயே எடுத்தான். "அப்பா! என்ன, சுகமில்லையோ?" "இல்லையடா, காகம்..." என்று தொடங்கினேன். அவன் அங்கே விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு ஞாயிறும் என் திரைக்குள் வரும்போது எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறான். பெயர்கள் திரும்பி வந்தன. சலீம் நானா தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனார். அதன்பிறகு அன்ரன் கேட்டான், "காகம் அரிசியை விட்டுட்டுக் கமாவை மட்டும் பார்த்துக் கொத்துமோ அப்பா? எந்த எழுத்து எப்ப அழிஞ்சதெண்டு பிரதியில எனக்குத் தெரியும்."

போனை வைக்கமுன் அவனே சொன்னான்: "ஒண்டும் உடையாட்டியும் எடுங்கோ அப்பா."

எடுத்தும் பார்த்தேன்தான், ஆனால் ஒன்றும் உடையாத நாளில் என்ன கதைக்கிறதென்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை என்பதால், இப்போதெல்லாம் சனிக்கிழமை கடை பூட்டமுன் கழுதைக்கு ஒரு காதை மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் போகிறேன்.