நேரா இறங்குங்க

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது நடந்தது. என் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. சரக்கு விமானம் ஓட்டுகிறவர், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். கதை கட்டுகிற ஆளே இல்லை.

அன்று பிற்பகல் 4:10. மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன விமான நிலையம். கண்ணாடிக்கு வெளியே மேகம். இறக்கை நுனிகூடத் தெரியவில்லை. கருவிகளை நம்பித்தான் இறங்க வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. வழிகாட்டும் சிக்னல் கோபுரத்துக்கு மேலே வந்ததும் பள்ளத்தாக்குப் பக்கம் விலகிப் போய், உயரம் குறைத்து, திரும்பி வந்து ஓடுதளத்தைப் பிடிக்க வேண்டும். ரேடாரில் பார்த்தபடி ஒருவர் திசை சொல்லிக் கூட்டிவந்தால் அந்தத் திருப்பம் தேவையில்லை.

4:12. காதில் ஒரு கட்டைக் குரல்.

"ரேடார்ல உங்கள பாக்குறேன். திரும்ப வேண்டாம். ரெண்டாயிரம் அடிக்கு இறங்கி நேரா வாங்க."

திருப்பம் இல்லையென்றால் ஆறு நிமிஷம் மிச்சம். ஆனாலும் அத்தானுக்கு ஏதோ நெருடியது. விமானத்தின் எண்ணைச் சொல்லிக் கூப்பிடவில்லை. திசையும் கொடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த துணை விமானி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் கேட்டிருந்தது.

"எந்தத் திசைல வரணும்?" என்று கேட்டார் அத்தான்.

கர்ர்ர்...

"நேரா."

"அதான், எத்தனை டிகிரி?"

மூச்சு வாங்கும் சத்தம். மிக அருகில்.

"நேராத்தான்... இறங்குங்க..."



"சார்... வேண்டாம் சார்," என்றாள் துணை விமானி.

"திரும்புறேன்."

4:14. விமானம் இடப்பக்கம் சாய்ந்தது.

மேகம் ஒரு நொடி கிழிந்தது.

வலது ஜன்னலில் மலை.

அந்தக் குரல் நேராகப் போகச் சொன்ன இடத்தில்.

ரெண்டாயிரம் அடி அதன் இடுப்புக்குக்கூட எட்டாது...

4:23-க்குத் தரை தொட்டார்கள். அத்தான் நேரே கட்டுப்பாட்டு அறைக்கு ஏறிப் போனார்.

"யாருய்யா ரேடார்ல இருந்தது? எங்கள மலையில மோத விடப் பாத்தீங்களா?"

அங்கே ஒரே ஒரு அதிகாரிதான் இருந்தார். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"சார், இங்க ரேடாரே கிடையாது. எப்பவுமே இருந்ததில்ல. நீங்கதான் கேள்வி கேட்டீங்க... நீங்களேதான் பதிலும் சொன்னீங்க."

பதிவைப் போட்டுக் காட்டினார். கட்டைக் குரல் அதில் இல்லை. கேள்வி கேட்டது அத்தான் குரல். பதில் சொன்னதும் அத்தான் குரல்.

பின்னாலேயே ஏறி வந்திருந்த துணை விமானி அத்தானைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் சாரையே பாத்துட்டிருந்தேன். பதில் வந்தப்பல்லாம்... அவர் வாய் மூடியிருந்துச்சு."