ஒரே திசையில் அக்காவும் தங்கையும்

தூபியைச் சுற்றியுள்ள கல்பாதையைப் பெருக்குகிறவளுக்கு அங்கே ‘போலீஸ்காரி’ என்று பெயர். தூபி வலக்கைப் பக்கம் இருக்கும்படிதான் சுற்ற வேண்டும். யாராவது எதிர்த்திசையில் ஓரடி வைத்தால் போதும், துடைப்பம் குறுக்கே வந்துவிடும்.

“உள்ளே இருக்கிறது புத்தரோட அஸ்தி. ராஜாவே இப்படித்தான் சுத்தினாராம். நீங்க அவரைவிடப் பெரிய ஆளா?”

ஆதியில் இருந்த சின்னத் தூபியை இடிக்காமல், ஒவ்வொரு தலைமுறையும் அதன்மேலேயே செங்கல் அடுக்கி இவ்வளவு பெரிதாக்கிய கதையை, கேட்காதவர்களுக்கும் சேர்த்துச் சொல்வாள்.

விட்டுக்கொடுப்பது மட்டும் அவளுக்கு வராது. அம்மாவின் தையல் மெஷினை அக்கா கேட்காமல் எடுத்துப் போனதிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அந்த அக்கா இன்று மகனோடு வெளிநாட்டுக்குக் கிளம்புகிறாள், அங்கேயே இருந்துவிட. போகிற வழியில் தூபிக்கு வருவாள் என்று தம்பி போனில் சொல்லியிருந்தான்.

வாசலில் அக்கா செருப்பைக் கழற்றுவதைப் பார்த்ததும் போலீஸ்காரி விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். வேண்டுமென்றால் அவளே வந்து பேசட்டும். ஆனால் இருவருக்கும் ஒரே வீட்டு நடை. சுற்றிச் சுற்றி வந்தும் பின்னால் வந்தவள் முன்னால் போனவளை எட்டவில்லை.

கடைசியில் போலீஸ்காரி நின்று, பளிச்சென்றிருந்த ஒரு கல்லையே பெருக்க ஆரம்பித்தாள். அக்கா வரவில்லை. குடை பிடித்த ஒரு யாத்ரீகப் பெண்தான் வந்தாள்.

“இந்த வளைவுக்குப் பின்னாடி ஒரு அம்மா நின்னுக்கிட்டு ஒரே விளக்கைத் துடைச்சிக்கிட்டே இருக்காங்க. உங்க சொந்தமா? மூஞ்சி அப்படியே உங்களை மாதிரி இருக்கு.”

வெளியே அக்காவின் மகன் கார் ஹாரனை அடித்தான். திரும்பினால் பத்தடி. முறைப்படி போனால் ஒரு முழுச்சுற்று. அதற்குள் கார் போய்விடும்.

போலீஸ்காரி தலையைக் குனிந்துகொண்டு எதிர்த்திசையில் நடந்தாள். “அம்மா, அந்தப் பக்கம் போகக்கூடாதே!” என்று யாரோ சிரித்தார்கள்.

அக்கா விளக்கை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “ஏண்டி, ஊரையே விரட்டுவே. நீயே தப்பா வர்றே?”

“குப்பை கிடந்துது, வந்தேன்.”

“எங்கே?”

“உன்னைத்தான் சொல்றேன்.”

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மறுபடியும் ஹாரன். “போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன். எடுப்பியா?”

“பண்ணித்தான் பாரேன்” என்றாள் போலீஸ்காரி, அவள் கையை விடாமல்.