எழுநூறு வரிசையில் இடமில்லை

போன வாரம் சித்தூரில் எங்கள் சர்ச் ஆபீசுக்கு நெட்வொர்க் போட ஒரு பெண் வந்தாள். நான் கமிட்டிக்காரன் என்பதால் (வேறு வேலை இல்லாதவன் என்று படியுங்கள்) பக்கத்தில் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர்களுக்கான ஐ.பி. எண்களைக் கூறு போட்டுக்கொண்டிருந்தாள். ஆபீசுக்கு ஒரு கூறு, கேமராவுக்கு ஒரு கூறு. "எல்லாத்தையும் ஒரே கூறுல திணிக்கக் கூடாது அங்கிள்" என்றாள். அவள் திறந்த பழைய பெட்டியிலிருந்து சூடான தூசி வாசனை வந்தது.

எழுபதுகளில் திருப்பதி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியனாக இருந்தபோது என் சட்டையெல்லாம் அந்த வாசனைதான். அங்கேயும் கூறுதான், நூறு நூறு எண்களாக. ஒரு நூறுக்குள் ஒரே நேரத்தில் பத்து அழைப்புகள் நுழையலாம். அழைப்பை எண்ணோடு இணைக்க செலக்டர் என்ற கருவிகள் பத்து. பதினோராவது ஆளுக்கு எங்கேஜ் சத்தம். அதனால் ஓயாமல் அடிக்கிற போன்களைப் பல நூறுகளில் பிரித்துப் போடவேண்டும்.

ஆனால் ஊர் திருப்பதி. ஏழு மலையான் ஊரில் லாட்ஜ்காரர்கள் எல்லோருக்கும் ஏழில் தொடங்கும் மூன்றிலக்க எண்தான் வேண்டும். எங்கள் சபை டாக்டரம்மாகூட விடவில்லை, கர்த்தர் ஓய்ந்திருந்தது ஏழாம் நாளாம்! எங்கள் சூப்பர்வைசர் முனிரத்தினம் சார் கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். "சார், எழுநூறு நெரியுது" என்றால், "சாமி நெம்பர வாணாம்னு சொல்ல நா யாருய்யா?" என்பார்.

பிரம்மோற்சவத்தில் கருட சேவை அன்று மத்தியானம் மாமா (அக்கா வீட்டுக்காரர்) போன் செய்தார். அக்காவை ரேணிகுண்டா ரோட்டில் டாக்டரம்மா வந்து பார்க்கும் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தோம். எக்ஸ்சேஞ்ச் எண் வேறு நூறில் இருந்ததால் கிடைத்துவிட்டது.

"ரத்தம் நிக்கலடா. டாக்டரம்மாவுக்கு அடிச்சிக்கினே கீறேன், எங்கேஜுதான் வர்து. சைக்கிள்ல அனுப்ன ஆளு கூட்டத்துல மாட்டிக்கினான் போல. எதுனா பண்ணுடா!"

எழுநூறின் செலக்டர்கள் இருந்த ராக்குக்கு ஓடினேன். பத்து விளக்கும் எரிந்தன, ஒன்றுகூடக் காலியில்லை. டாக்டரம்மா வீட்டு லைனுக்கு நேராக மணியடிக்கக்கூடிய டெஸ்ட் டெஸ்க் மழைநீர் இறங்கிச் செத்துக் கிடந்தது. நான் ஓடியதைப் பார்த்து முனிரத்தினம் சார் எழுந்து வந்தார். விஷயத்தைச் சொன்னேன். சோதனை ரிசீவரை ஒவ்வொரு செலக்டரிலும் செருகிக் கேட்டார். ஒன்றில் ரூம் வாடகைப் பேரம், ஒன்றில் தேங்காய் லோடு, ஒன்றில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆறாவதில் நின்றார்.

"இதுல பேச்சே இல்ல. எடுத்து வச்சிட்டு எங்கியோ போய்ட்டான்."

நான் வாங்கிக் கேட்டேன். "மூச்சு உட்ற சத்தம் வர்து சார்."

"பேசறவன அறுத்தா கம்ப்ளெயிண்ட் வரும். உங்க அக்கா வேணுமா, வாணாமா?"

வேணும் என்றேன். அறுத்தார். அடுத்த ஆள் நுழைவதற்குள் செலக்டரைப் பிடித்து, டாக்டரம்மா எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை ரிசீவர் டயலில் தானே சுழற்றினார். மணி போனது. டாக்டரம்மா எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும், கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு போலீஸ் ஜீப்பில் போய்ச் சேர்ந்தார்.

அக்கா பிழைத்தாள், குழந்தையும். அந்தக் குழந்தைக்கு இப்போது பேரன் இருக்கிறான். அன்று ராக்குக்கு முன்னால் முனிரத்தினம் சார் காலைத் தொட்டுக் கும்பிட்டேன், கிறிஸ்தவன் என்பதை மறந்து. மறுநாளே அவர் பெரிய லாட்ஜுகளை மூன்று நூறுகளில் பிரித்துப் போட்டார். வந்து கத்தியவர்களிடம் பதிலுக்குக் கத்தினார்.

ராக்குகள் பழைய இரும்பாக எடைக்குப் போய்விட்டன. சாரும் இல்லை. இப்போது ஒருவர் பேச இன்னொருவரை அறுக்கவேண்டியதில்லை. அந்த ஆறாவது அழைப்பில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தவர் யார், என்ன கேட்டுவிட்டுப் பேச்சற்று நின்றார் என்று சொல்லவும் ஆளில்லை. ஒரு மாதம் வரை கம்ப்ளெயிண்ட் மேசைப் பக்கம் போய்ப் போய்ப் பார்த்தேன். யாராவது வந்து திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.