ஓர்ஃபா காட்டுக்கு வேலி போட்ட கதை

ஓர்ஃபா மேய்ன்ஸ் நிறைமாதம் ஆகாமல் பிறந்தவள். செருப்புப் பெட்டியில் பஞ்சை அடைத்து, அதில் அவளைக் கிடத்தி, இரும்பு அடுப்பின் திறந்த கதவுமேல் வைத்துத்தான் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவைத்தார்கள். இது தங்காது என்று சொல்லிவிட்டுப் போன மருத்துவச்சியின் சாவுக்கு, பின்னாளில் அவளே சோள ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போனாள். டைபாய்டு ஜுரத்தை ஜெயித்தாள். புருஷன் ஆர்லி மேல் மரம் சாய்ந்து அவன் போன பிறகு, நான்கு பிள்ளைகளில் ஒன்றைக்கூட அடுத்த வீட்டுக்கு வளர்க்கக் கொடுக்காமல் தானே வளர்த்தாள். கல்லும் சரிவுமான அந்த நிலத்தை விற்றுவிடு என்று சொன்னவர்கள் எல்லாரையும்விட அதிக நாள் அதில் குடியிருந்தாள். புகைபோட்ட பன்றித்தொடைக்குக் கவுண்டி என்கிற மாவட்டத்துத் திருவிழாவில் இரண்டு தடவை முதல் பரிசான நீல ரிப்பன் வாங்கினாள். கடைசியாக ஹோபர்ட் க்ரெய்லை ஜெயித்தாள்.

மற்றதையெல்லாம் அவளுடைய அக்கா லியோட்டா நின்றவாக்கில் சொல்லிவிடுவாள். க்ரெய்ல் கதைக்கு மட்டும் நாற்காலி போட்டு உட்காரச் சொல்வாள்.

ஹாலிஸ் கவுண்டியில், ஸ்பைஸ்வுட் ஓடைப் பக்கம், அந்த நாளில் யாரும் பன்றியைக் கட்டி வளர்த்ததில்லை. வேலி சோளத்தைச் சுற்றித்தான் இருந்தது. பன்றிகளுக்குக் காடு முழுக்கத் திறந்து கிடந்தது. இளவேனிலில் விரட்டிவிட்டால் ஓக் மரத்துக் கொட்டை தின்று, பனி விழும்போது கொழுத்து வரும். எந்தப் பன்றி யாருடையது என்பதைக் காது சொல்லும். வீட்டுக்கொரு வெட்டு உண்டு. அது கவுண்டி அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். மேய்ன்ஸ் வீட்டுப் பன்றிக்கு இடது காதின் நுனி இருக்காது, வலது காதின் கீழே ஒரு பிறை வெட்டு. க்ரெய்ல் வீட்டு வெட்டு வேறு மாதிரி. இரண்டு காதையும் தலையோடு ஒட்ட அறுத்துவிடுவார்கள்.

காதே இல்லாத பன்றியில் முன்னால் என்ன வெட்டு இருந்தது என்று யார் சொல்ல முடியும்? க்ரெய்லின் அப்பா அந்த வெட்டைப் பதிவு செய்தபோது, சோம்பேறி, கத்தியை ஒரே இழுப்பு இழுத்துவிடுகிறான் என்று ஊர் சிரித்தது. மகன் காலத்தில் சிரிப்பு நின்றுபோனது. ஹோபர்ட் க்ரெய்லின் மந்தை வருஷா வருஷம் பெருத்தது. ஓடைக்கரை வீடுகளின் மந்தை அதே கணக்கில் இளைத்தது. வாயைத் திறந்த ஒருவனுடைய வைக்கோல் கொட்டகை தீப்பிடித்தது. அதற்குப் பிறகு காதைப் பற்றிப் பேசுவதை எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

1948 இலையுதிர்காலத்தில் ஓர்ஃபாவின் தாய்ப்பன்றி ரூபி வீடு திரும்பவில்லை. ஆர்லி இறந்த வருஷம் குட்டியாக வந்தவள் ரூபி. அவள் போட்ட குட்டிகள்தான் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, செருப்பு, பள்ளிக்கூடம் எல்லாம். ஓர்ஃபா தினமும் மேட்டில் ஏறி நின்று கூப்பிட்டாள். அவளுடைய கூப்பாடு அடித்தொண்டையில் ஆரம்பித்து, நடுவில் உடைந்து, சீழ்க்கைபோல உயர்ந்து முடியும். ஓடைக்கு அந்தப்புறம் இருந்த லியோட்டா வீட்டுக் கோழிகள்கூட அதைக் கேட்டால் தலையைத் தூக்கும். ரூபி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும் வழியில் லியோட்டா க்ரெய்லின் பட்டிக்குள் ரூபியைப் பார்த்தாள். விலாவில் கம்பி கிழித்த பழைய தழும்பு அப்படியே இருந்தது. காதுகள் இருந்த இடத்தில் பச்சைப் புண். லியோட்டா தேவாலயத்துக்குப் போகாமல் நேராகத் தங்கை வீட்டுக்குத் திரும்பினாள்.

ஓர்ஃபா வழக்குப் போட்டாள். ஓடைப் பக்கம் ஒரு பெண்பிள்ளை க்ரெய்ல் மேல் வழக்குப் போட்டது அதுதான் முதல் தடவை. சின்ன வழக்குகளைத் தீர்க்கிற நீதிபதி ஏமஸ் டில், மளிகைக் கடையும் வைத்திருந்தார். சனிக்கிழமை கடைக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் விசாரணை. ஊர் பாதி வந்திருந்தது; ரூபியை க்ரெய்ல் கூண்டோடு வண்டியில் கொண்டுவந்திருந்தான். தழும்பைக் காட்டினாள் ஓர்ஃபா. கம்பி வேலி என் பன்றியையும் கிழிக்கும் என்றான் க்ரெய்ல். அப்போது ஓர்ஃபா அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாரும் நம்புகிற ஒன்றைக் கேட்டாள். நான் கூப்பிடுகிறேன், வந்தால் என்னுடையது, வராவிட்டால் அவனுடையது என்றாள். பன்றி ஊட்டி வளர்த்தவளின் குரலை மறக்காது. இதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ரூபியின் தலையைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. லியோட்டாவுக்கும் தோன்றவில்லை.

க்ரெய்ல் உடனே ஒத்துக்கொண்டான். அந்த வேகத்திலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று லியோட்டா பிற்பாடு பலமுறை சொன்னாள்.

கூண்டைத் திறந்து ரூபியை முற்றத்தின் கோடியில் விட்டார்கள். ஓர்ஃபா கூப்பிட்டாள். ரூபி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. மறுபடி கூப்பிட்டாள். ரூபி வேறு பக்கம் நடந்தது. மூன்றாவது கூப்பாட்டுக்கு டில்லின் கிழட்டு நாய் கடைக்கு அடியிலிருந்து எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு ஓர்ஃபாவிடம் வந்தது.

முற்றம் சிரித்தது. "ஹோபர்ட், நாய் அவங்களோடதுதான், நியாயமா குடுத்துடுப்பா" என்றான் ஒருவன். ஏமஸ் டில்கூடச் சிரிப்பை அடக்க மூக்கைச் சிந்தினார். தீர்ப்பு க்ரெய்லுக்கு. காகிதத்தை நீட்டியபோது ஓர்ஃபா வழக்கம்போல ஒரு பெருக்கல் குறி போட்டாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் போக ஒரே ஜோடி பூட்ஸ்தான் வீட்டில் இருந்தது. அது லியோட்டாவின் காலுக்கு அளவாக இருந்தது.

க்ரெய்ல் குனிந்து அந்தக் குறியைப் பார்த்தான். "இது என்னம்மா, உன் காதுவெட்டா?" என்றான். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "தன் பேரை எழுதத் தெரியாதவ பன்னிக் காதைப் படிக்க வந்துட்டா" என்றான்.

ரூபியைத் திரும்ப வண்டியில் ஏற்றும்போது லியோட்டா பக்கத்தில் போனாள். இரண்டு காதுக் குழியும் சீழ் கட்டி, பொருக்குத் தட்டி, அடைத்துப்போயிருந்தன. புழு நெளிந்தது. தலைக்கு அருகில் ஓங்கிக் கைதட்டினாள். ரூபி இமைக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் பாதையில் அதைத் தங்கையிடம் சொன்னாள். ஓர்ஃபா வண்டியில் பூட்டியிருந்த கோவேறு கழுதையை இழுத்து நிறுத்தினாள்.

"அப்போ நான் கூப்பிட்டது அதுக்குக் கேக்கவே இல்லியா?"

"கேக்கல."

 வண்டியைத் திருப்பு, டில்லிடம் போய்ச் சொல்லுவோம், அவரே வந்து பார்க்கட்டும் என்றாள் லியோட்டா. ஓர்ஃபா மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"இனிமே அந்த முற்றத்துல எதையும் கேக்க மாட்டேன் அக்கா. பன்னியும் வேணாம்."

"பின்ன என்ன பண்ணப்போற?"

"அவன்கிட்டயிருந்து காட்டை எடுத்துக்கறேன்."

காட்டை எடுப்பதற்கு ஒரே வழிதான் இருந்தது. அந்த வழியை ஓர்ஃபாவே அதுவரை திட்டிக்கொண்டிருந்தாள். பள்ளத்தாக்கில் பால்பண்ணை வைத்திருந்த ஜெர்மன்காரர் ருடால்ஃப் பேங்கே வேலிச் சட்டம் வேண்டும் என்று வருஷக்கணக்காக அலைந்தார். கால்நடை வைத்திருப்பவன் தன் கால்நடையைத் தானே அடைத்து வைக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டம். குடும்பத் தலைவர்கள் நூறு பேர் மனுவில் பெயர் போட்டால் ஓட்டெடுப்பு நடக்கும். ஓடைக்கரை ஏழைகள் அநேகமாக யாரும் போடவில்லை. காடு மூடினால் தீவனத்துக்கு எங்கே போவது? ஒருமுறை பேங்கே ஓர்ஃபாவின் வாசலில் வந்து நின்றபோது, பன்றிக்கு வைத்திருந்த கழுநீர் வாளியை அவருடைய பூட்ஸ்மேல் ஊற்றியிருக்கிறாள்.

அவர் கடைசியாகப் போட்ட மனு நூறைத் தொட்டும் செத்துப்போனது. எழுதத் தெரியாத சிலர் குறி போட்டிருந்தார்கள். க்ரெய்ல் தன் சகோதரர்களோடு அலுவலகத்துக்குப் போய், அந்த ஆட்களைக் கூப்பிட்டு நிறுத்தி, இது உன் குறியா என்று ஒவ்வொருவனையும் கேட்டான். தீப்பிடித்த கொட்டகை ஞாபகம் வந்து எல்லாரும் இல்லை என்றார்கள். குறிகளையெல்லாம் அடித்துவிட்டார்கள்; மனு நூறுக்குக் கீழே போனது.

லியோட்டாவுக்குத் தங்கையின் திட்டம் பிடிக்கவில்லை. க்ரெய்லுக்கு விழுகிற அடி உனக்கும் விழும், காடு மூடினால் உன் பன்றியும் போகும் என்று சொல்லிப் பார்த்தாள். ஓர்ஃபா பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"போகட்டும். எனக்கு எட்டு, அவனுக்கு நூத்துக்கு மேல. யாருக்கு அதிகமா வலிக்கும்னு நீயே சொல்லு."

"ஊர்ல ஒருத்தரும் உங்கூடப் பேச மாட்டாங்கடி."

"அன்னைக்குச் சிரிச்சாங்களே, அதுவே ரொம்ப நாளைக்குப் போதும்."

சரி, குறி போட்டுத் தொலை, நான் சாட்சி நிற்கிறேன் என்றாள் லியோட்டா. ஓர்ஃபா அப்போதுதான் நிமிர்ந்தாள். குறி போட மாட்டேன், பெயர்தான் எழுதுவேன் என்றாள். மனுவை அலுவலகக் கதவில் ஒட்டுவார்கள். ஒட்டியதை க்ரெய்ல் வந்து வாசிப்பான். "அவன் வாசிக்கணும் அக்கா. சத்தமா இல்லேன்னாலும் மனசுக்குள்ளயாச்சும் என் பேரை அவன் சொல்லணும்."

லியோட்டா பைபிளை எடுத்து, ரூத்தின் புத்தகத்தைத் திறந்து, முதல் பக்கத்தில் ஓர்ஃபா என்ற பெயரைக் காட்டினாள். மாமியாரை முத்தமிட்டுவிட்டுத் தன் ஊருக்குத் திரும்பிப் போன மருமகள் அவள். பாதிரியார் அவளை நல்லவளாகச் சொல்லி லியோட்டா கேட்டதில்லை. "திரும்பிப் போனவதானே? பரவால்ல, நானும் விட்டுப்போன பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போறேன்" என்றாள் ஓர்ஃபா. மேய்ன்ஸ் என்ற பெயரை அவள் அக்காவிடம் கேட்கவில்லை. மலைமேல் ஆர்லியின் கல்லறைக்குப் போய், கல்லில் வெட்டியிருந்த எழுத்துகளில் விரலை ஓட்டி ஓட்டிப் பழகினாள். அதனால்தான் அவளுடைய கையெழுத்தில் முதல் பெயர் புத்தக எழுத்துப்போலச் சின்னதாக வட்டமாக இருக்கும். இரண்டாவது, உளியால் கொத்தினதுபோல நிமிர்ந்து நிற்கும். குளிர்காலம் முழுக்கக் கரித்துண்டால் அடுப்புக் கல்லில் எழுதினாள். கோடையில் கோழிமுற்றத்து மண்ணில் எழுதினாள். கோழிகள் மிதித்து அழித்தால் திட்டிக்கொண்டே திரும்ப எழுதினாள். நடுவில் ஒருநாள் க்ரெய்ல் ரூபியை அறுத்துத் தொடையை டில்லின் கடையில் விற்றான் என்று செய்தி வந்தது. அன்று அவள் இருட்டும்வரை எழுதினாள்.

அடுத்த இலையுதிர்காலத்தில் பேங்கே புது மனுவோடு ஓடைப் பக்கம் வந்தார். ஓர்ஃபா வீட்டுக்கு வந்ததும் வாசற்கதவுக்கு வெளியிலேயே நின்று, வாளி எங்கே இருக்கிறது என்று பார்த்தார்.

"உள்ள வாங்க. இன்னைக்கு உங்க பூட்ஸுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள் ஓர்ஃபா.

மேஜையைத் துடைத்துக் காயவிட்டாள். கையைக் கழுவினாள். பேங்கே பழக்கத்தில், இங்கே குறி போட்டால் போதும், நான் பக்கத்தில் பெயரை எழுதிக்கொள்கிறேன் என்றார். லியோட்டா அவர் கையை மேஜையிலிருந்து தூக்கி ஓரமாக வைத்தாள். ஓர்ஃபா பேனாவைக் கரித்துண்டைப் பிடிப்பதுபோலப் பிடித்து எழுதினாள். காகிதம் ஓரிடத்தில் கிழிந்தது.  எழுதி முடித்ததும் இது யாருக்கும் தெளிவாகப் புரியுமா என்று பேங்கேயிடம் கேட்டாள். புரியும் என்றார். "ஹோபர்ட் க்ரெய்லுக்கும்?" என்றாள். அவனுக்கும் புரியும் என்றார் அவர்.

மனு கதவில் ஏறியது. முந்தைய தடவைபோலவே க்ரெய்ல் சகோதரர்களோடு போனான். குறி போட்டவர்களைத் தேடிக்கொண்டே வந்த விரல் அவள் பெயரில் நின்றது. இது அக்காக்காரி எழுதினது என்று அலுவலகத்தில் கத்தினான். எழுத்தர் ஆள் அனுப்பினார். ஓர்ஃபா வந்தாள்; க்ரெய்ல் பக்கத்தில் நிற்க, இன்னொரு காகிதத்தில் மறுபடி எழுதிக் காட்டினாள். உன்னுடையதுதானா என்று எழுத்தர் கேட்டார். அவள் க்ரெய்லைப் பார்த்துக்கொண்டே ஆமாம் என்றாள். ஒரு விதவை தன்னுடையது என்று சொன்னதைப் பார்த்த பிறகு, குறி போட்டவர்களும் இந்தத் தடவை தங்கள் குறியை மறுக்கவில்லை.

ஓட்டெடுப்பில் வேலிச் சட்டம் கொஞ்ச வித்தியாசத்தில் ஜெயித்தது. நூறு பன்றிக்கு மேல் காட்டில் விட்டவனிடம் அவற்றை அடைக்கப் பட்டியும் இல்லை, போடத் தீவனமும் இல்லை. ஏலம் போட்டான். மெலிந்த பன்றிகளுக்கு விலையும் வரவில்லை. ஓர்ஃபா மதியச் சாப்பாட்டைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு போய், வண்டியில் உட்கார்ந்து முதல் பன்றியிலிருந்து கடைசிப் பன்றிவரை பார்த்தாள். நடுவில் ஒருமுறை, அடித்தொண்டையிலிருந்து, தன் கூப்பாட்டைப் போட்டாள். காதில்லாத பன்றிகள் அசையவில்லை. க்ரெய்ல் திரும்பிப் பார்த்தான்.

"பரவால்ல, இந்தத் தடவை சரியான ஆளுக்குக் கேட்டுது" என்றாள் லியோட்டா.

அவன் அந்த வருஷமே வேறு கவுண்டிக்குப் போனான். ஓர்ஃபாவும் அதற்கு விலை கொடுக்கவேண்டி வந்தது. ஏழு பன்றியை அறுத்து, ஒன்றைப் பட்டியில் வைத்துக்கொண்டாள். தேவாலயத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. லியோட்டா மட்டும் உட்கார்ந்தாள். தினமும் மேடேறித் தீவனம் சுமக்கிறாயே, வருத்தமாக இல்லையா என்று ஒருநாள் கேட்டாள். "ஒவ்வொரு வாளி தூக்கறப்பவும் அவன் ஞாபகம் வருது. நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஓர்ஃபா. சாகும்வரை அவள் அவனை மன்னிக்கவில்லை. லியோட்டாவும் மன்னிக்கச் சொல்லவில்லை.

பல வருஷம் கழித்து, கவுண்டியில் வாழ்ந்த சாதாரண ஆட்களைப் பற்றி ஒரு புத்தகம் போடுகிறோம் என்று வரலாற்றுச் சங்கத்துப் பெண் ஒருத்தி லியோட்டாவிடம் வந்தாள். ஹோபர்ட் க்ரெய்லைப் பற்றி அவன் பேரன் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தான். பெரிய கால்நடைக்காரர், தாராள மனசுக்காரர் என்று அதில் இருந்தது. லியோட்டா அதை முழுதாக வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு நாற்காலியைக் காட்டி அந்தப் பெண்ணை உட்காரச் சொன்னாள்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டபின், தங்கச்சி பிறந்த நாள், கல்யாண நாள் தெரியுமா பாட்டி என்று கேட்டாள் அந்தப் பெண். லியோட்டாவுக்கு இரண்டும் சரியாக நினைவில்லை. அதனால் கேட்காத ஒரு தேதியைச் சொல்லி, மாதத்தையும் கிழமையையும் சரிபார்த்து, கண்முன்னால் எழுதவைத்தாள். ஓர்ஃபா மேய்ன்ஸ் முதன்முதலாகக் காகிதத்தில் தன் பெயரைத் தானே எழுதியது 1949 அக்டோபர் 22, சனிக்கிழமை.